எடுக்காத பொட்டலம்

போன வாரம் வள்ளிமயிலின் ஆய்வுத் திட்டத்தைச் சுடலைக்குமார் மூன்றாவது முறையாகத் திருப்பிக் கொடுத்திருந்தான். கூடப் பிறந்தவள் என்றெல்லாம் பார்க்கவில்லை. "தலைப்ப மாத்திருங்க மேடம், இது தேறாது" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டு, அடுத்தவரின் காகிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டான்.

வீட்டில் அவன் தம்பி, அவள் அக்கா. கோவில்பட்டியில் செல்போன் கடைக்கு மேலே இருக்கும் டியூஷன் ஹாலுக்குள் நுழைந்துவிட்டால் அவன் சார், அவள் மேடம். கூடப் பிறந்தவர்கள் என்று அங்கே யாருக்கும் தெரியாது. முனைவர் பட்டத்துக்குச் சேர நினைப்பவர்களுக்கு ஆய்வுத் திட்டம் எழுதச் சொல்லிக்கொடுக்கும் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு அது. சுடலைக்குமார் ஒரு கல்லூரியில் பொருளாதாரப் பேராசிரியர். அவனிடம் எழுதிப் பழகிப் போனால் நேர்காணலில் தோற்க மாட்டார்கள் என்று பெயர் வாங்கியிருந்தான். அக்காவுக்கு அதில் பெருமை கொஞ்சநஞ்சமில்லை. பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரி கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவாள்.

அந்த ஹாலில் அவள்தான் மூத்த மாணவி. மற்றவர்கள் போன வருஷமோ அதற்கு முந்தின வருஷமோ எம்.ஏ. முடித்த பிள்ளைகள். இவள் முடித்துப் பதினேழு வருஷம் ஆகிறது. விளாத்திகுளத்தில் ஒரு தனியார் பள்ளியில் சமூக அறிவியல் டீச்சராக இருக்கிறாள். இந்தத் தடவை இடம் கிடைத்தால் வேலையை விட்டுவிட்டுத் திருநெல்வேலியில் தங்கி முழு நேரம் படிப்பது என்று முடிவெடுத்திருந்தாள். வருகிற வெள்ளிக்கிழமைக்குள் திட்டத்தை அனுப்பியாக வேண்டும். இதை விட்டால் இனித் தனக்குத் துணிச்சல் வராது என்று அவளுக்கே தெரியும்.

அவள் எடுத்திருந்த தலைப்பு, பூக்கட்டிப் பார்ப்பது.

அந்தப் பக்கத்தில் விவசாயம் பார்க்கும் சம்சாரி வீடுகளில் முடிவெடுக்க முடியாத காரியம் வந்தால் கோயிலுக்குப் போய்விடுவார்கள். கிணறு வெட்டவா வேண்டாமா, இந்த மாப்பிள்ளையா அந்த மாப்பிள்ளையா. ஓர் இலைத்துண்டில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ வைத்து, உள்ளே இருப்பது தெரியாமல் பொட்டலமாகக் கட்டி அம்மன் காலடியில் போடுவார்கள். சின்னப் பிள்ளை ஒன்று வந்து ஏதாவது ஒரு பொட்டலத்தை எடுக்கும். வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் வேண்டாம். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அதைப் பற்றிப் பேச்சே கிடையாது.

அவளுக்கும் அப்படித்தான் பார்த்தார்கள். எம்.ஏ. முடித்த கையோடு ஆராய்ச்சி படிக்கப் போகிறேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். தம்பி அப்போது பிளஸ் டூ முடித்திருந்தான். மழை ஏமாற்றிய வருஷம். ஒரு பிள்ளையைத்தான் வெளியூரில் வைத்துப் படிக்க வைக்க முடியும் என்று அப்பா கையை விரித்துவிட்டார். மூத்தவள் படிக்கப் போகட்டுமா என்று காளியம்மனிடம் கேட்டார்கள். சிவப்பு வந்தது. அடுத்த மாதமே அத்தை மகன் தங்கச்சாமிக்குக் கழுத்தை நீட்டினாள். தம்பி படிக்கப் போனான்.

அவள் அழவில்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் யார்மேலும் கோபப்படவில்லை. அம்மன் சொல்லிவிட்டாள், அவ்வளவுதான். அப்பா செத்தபோதுகூட அவர்மேல் ஒரு மனக்குறை இல்லாமல் வாய்விட்டு அழ முடிந்தது என்றால் அதற்கு அந்தப் பூதான் காரணம்.

இந்தத் தலைப்பைத்தான் சுடலைக்குமாருக்குப் பிடிக்கவில்லை. முதலில், இதற்கு முன்னாய்வுகள் கிடைக்காது என்றான். தேடிப் பிடித்துக் கொண்டுபோய்க் காட்டினாள். பிறகு, இதையெல்லாம் அளக்க முடியாது என்றான். அளக்கும் வழியையும் எழுதிக் காட்டினாள். போன வாரம் வகுப்பு முடிந்து இறங்கும்போது, எடுத்தால் எடுங்கள், நம்ம ஊர்க் கோயில் மட்டும் வேண்டாம், சொந்த ஊரை ஆராய்ந்தால் சார்பு வந்துவிடும் என்றான். நியாயமாகத்தான் பட்டது. பெரிய படிப்புப் படித்தவர்களிடம் இது ஒரு வசதி, எதை மறைக்க வேண்டுமானாலும் அதற்கென்று ஒரு கலைச்சொல் கைவசம் இருக்கும். வேறு மூன்று ஊர்ப் பூசாரிகளிடம் முன்னோட்டமாகப் பேட்டி எடுத்து வருவதாக ஒப்புக்கொண்டாள். இரண்டு பேரைப் பார்த்தாகிவிட்டது. மூன்றாமவரைப் பார்க்க வேண்டிய நாள் இந்த ஞாயிற்றுக்கிழமை.

*

காலையில் தங்கச்சாமிதான் பைக்கில் பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுவிட்டான். மிளகாய் வத்தல் வியாபாரி. ஞாயிற்றுக்கிழமைதான் அவனுக்கும் சாவகாசம், இருந்தாலும் ஒரு வாரம்கூட முகம் சுளித்ததில்லை. அவள் எழுதிய ஒவ்வொரு பக்கத்தையும் கடையில் கொடுத்து அச்செடுத்து, ஓரம் மடங்காமல் உறையில் போட்டுக் கொண்டுவந்து கொடுப்பவன் அவன்தான். பள்ளிக்கூடத்தில் மற்ற டீச்சர்கள் இதைச் சொல்லிச் சொல்லிப் பெருமூச்சு விடுவார்கள்.

கிளம்பும்போது அம்மா இசக்கியம்மாள், டிபன் டப்பாவை நீட்டிக்கொண்டே, இன்றைக்கு எந்த ஊருக்கு என்று கேட்டாள். மகன் வீட்டில் மருமகளோடு ஒத்துப்போகாமல் இரண்டு வருஷமாக மகளோடு இருக்கிறாள். வள்ளிமயில் ஊர்ப் பெயரைச் சொன்னாள்.

"நம்ம ஊருக்கு இல்லல்லா?"

இல்லை என்றாள் வள்ளிமயில். அம்மா மறுபடியும் ஒருமுறை அதையே கேட்டதை அவள் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

புதூரைத் தாண்டி இறங்கிப் போய்ப் பார்த்தால், அந்த ஊர்ப் பூசாரி பேத்திக்குக் காது குத்து என்று சங்கரன்கோவிலுக்குப் போயிருந்தார். நாளைக்குத்தான் வருவார் என்றார்கள். மத்தியானம் வகுப்பில் மூன்று பேட்டிகளோடு நிற்க வேண்டும். இரண்டு நிறுத்தம் தள்ளி அவள் பிறந்த ஊர். கொஞ்ச நேரம் யோசித்தாள். சார்பு வராமல் பார்த்துக்கொண்டால் போகிறது, எல்லோரிடமும் கேட்ட அதே கேள்விகளை வரிசை மாறாமல் கேட்டுவிட்டு வந்துவிடலாம் என்று பஸ் ஏறினாள்.

முந்தின நாள் மழை இறங்கியிருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கிக் கோயிலுக்குப் போவதற்குள் கரிசல் மண் செருப்பில் அப்பிக்கொண்டு, காலைத் தூக்கி வைப்பதே பெரும்பாடாகிவிட்டது. பூசாரி சங்கரபாண்டி, கோயில் முன்னால் இருந்த குழாயில் அவளைக் கால் கழுவச் சொல்லிவிட்டு, நல்லா இருக்கியா தாயி என்று வாயெல்லாம் பல்லாக விசாரித்தார். போனில் பதிவு செய்யலாமா என்று அவள் கேட்டதும் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தார். குரல் மட்டும்தான் பதிவாகும் என்று சொல்லியும் சட்டையைக் கழற்றவில்லை.

கேள்விகள் ஒழுங்காகத்தான் போயின. பொட்டலத்தைப் பூசாரிதான் கட்டுவார் என்று வள்ளிமயில் இத்தனை வருஷமாக நினைத்திருந்தாள். இந்தக் கோயிலில் அப்படி இல்லை என்றார் அவர். சொந்தத்தில் வேறு வீட்டு ஆள் ஒருவர் வேப்பமரத்தடியில் வைத்துக் கட்டிப் படியில் வைத்துவிட்டுப் போவார், யாருக்காகக் கேட்கிறோமோ அவர் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும், பூசாரி சன்னதியை விட்டு வெளியே வரக்கூடாது, கட்டியது யார் என்றும் பார்க்கக்கூடாது. தான் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது அவளுக்கு ஞாபகம் வந்தது.

அடுத்த கேள்வி, எடுக்காத பொட்டலத்தை என்ன செய்வீர்கள் என்பது. மற்ற இருவரும் ஒரே மாதிரி பதில் சொல்லியிருந்தார்கள். பிரிக்கக் கூடாது, பிரித்தால் அம்மனைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆகும், அப்படியே கொண்டுபோய்க் கிணற்றில் போட்டுவிடுவோம். சங்கரபாண்டியும் அதைத்தான் சொன்னார். சொல்லிவிட்டுச் சிரித்தார்.

"ஒனக்குப் பாத்தப்பதான் ஆடு பிரிச்சிருச்சே தாயி. அந்த ஒருக்கதான் அப்பிடி."

அவளுக்கு எதுவும் விளங்கவில்லை. எந்த ஆடு என்று கேட்டாள்.

எல்லோரும் பூ எடுத்து முடித்துப் போன பிறகு நடந்தது அது. மிஞ்சிய பொட்டலத்தைப் படியில் வைத்துவிட்டு அவர் விளக்கைத் தூண்டப் போயிருக்கிறார். அதற்குள் யாருடைய வெள்ளாடோ வந்து வாழையிலையைப் பிடித்து இழுத்துவிட்டது. இலை கிழிந்து பூ கொட்டியது. பார்த்தால் செவ்வரளி. ஆட்டுக்கு அரளி ஆகாது, தின்றால் செத்துப்போகும் என்று பதறிப்போய் வாயிலிருந்து பிடுங்கியிருக்கிறார். பிடுங்கிய பிறகுதான் அவருக்கு உறைத்தது. அந்தப் பொட்டலத்தில் அரளி இருக்கவே கூடாது. எடுத்ததில் சிவப்பு வந்தாகிவிட்டது என்றால் எடுக்காததில் வெள்ளைதானே இருக்க வேண்டும்.

"ரெண்டும் செவப்பு. ஒந்தம்பி மட்டும் வாசல்ல செருப்பு மாட்டிக்கிட்டு நின்னான். அவனக் கூப்புட்டுக் காட்டுனேன். இது செல்லாதுடே, வீட்ல சொல்லி இன்னொரு நாள் கூட்டிட்டு வா, மறுபடியும் கட்டணும்னு சொன்னேன். சரின்னான். அப்பறம் கல்யாணப் பத்திரிகை வந்துச்சு. சரி, வீட்டுக்குள்ளயே பேசி முடிச்சிட்டாவ போலன்னு நானும் விட்டுட்டேன்." அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தார். "ஒனக்குத் தெரியாதா தாயி?"

கட்டியது யார் என்று கேட்டாள். சன்னதிக்குள் இருந்த தனக்குத் தெரியாது, தம்பிதான் தண்ணீர்ச் செம்போடு மரத்தடிக்குப் போனான், அவனுக்குத் தெரியும் என்றார். அதற்கு மேல் அவர் பேச்சு தடுமாற ஆரம்பித்தது. வள்ளிமயில் மிச்சக் கேள்விகளையும் வரிசை மாறாமல் கேட்டாள். ஒன்றைக்கூட விடவில்லை. பதில்கள் எதுவும் காதில் விழவில்லை, போன்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

திரும்பும் பஸ்ஸில் டிபன் டப்பாவைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பதினேழு வருஷமாக அம்மனிடம் தோற்றதாக நினைத்துக்கொண்டிருந்தாள். அம்மனை அங்கே யாரும் கேட்கவே இல்லை. தோற்கடித்தது மனுஷர்கள். அதுவும் தெரிந்த மனுஷர்கள்.

*

வகுப்பு தொடங்கிவிட்டிருந்தது. மாடிப்படியில் செருப்பில் ஒட்டிய மண்ணைச் சுரண்டிவிட்டு உள்ளே போனாள். சுடலைக்குமார் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தான். கேள்விக்குள்ளேயே பதிலைக் கட்டி வைக்காதீர்கள். முதல் வாரத்திலிருந்து அவன் வாய் ஓயாமல் சொல்வது இதைத்தான். முடிவை முதலிலேயே கையில் வைத்துக்கொண்டு அதற்கு ஏற்ற மாதிரி கேள்வி எழுதுகிறவன் ஆய்வாளன் இல்லை, ஏமாற்றுக்காரன் என்பான். எழுத்து அழகாக இருக்கும். அந்தக் கையெழுத்தை அவன் கையைப் பிடித்து எழுதிப் பழக்கியவள் அவள்தான்.

மணியாச்சிக்காரன் செலஸ்டின் ரயில்வே ஒப்பந்தத் தொழிலாளர்களைப் பற்றிய தன் திட்டத்தைப் படித்து முடித்ததும் இவள் முறை வந்தது.

"முன்னோட்டத்துல என்ன கெடச்சுது மேடம்?"

வள்ளிமயில் எழுந்து நின்றாள். மூன்றாவது பேட்டியில் எதிர்பாராத ஒரு தகவல் கிடைத்தது என்று ஆரம்பித்தாள். பெயர்களையும் ஊரையும் மறைத்துச் சொல்வதாகச் சொன்னாள். ஒரு வீட்டில் ஓர் அக்கா, ஒரு தம்பி. இருவரில் ஒருவரைத்தான் மேலே படிக்க வைக்க முடியும். பூக்கட்டிப் பார்க்கிறார்கள். அக்காவுக்குச் சிவப்பு வருகிறது. பிறகு எடுக்காத பொட்டலம் தற்செயலாகப் பிரிந்துபோகிறது. அதிலும் சிவப்பு.

ஹாலில் ஒரு சலசலப்பு. பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். சுடலைக்குமாரின் முகத்தில் ஈயாடவில்லை. சாக்குக் கட்டியைக் கையில் உருட்டிக்கொண்டே நின்றான்.

பூசாரி அந்தத் தம்பியை அழைத்துக் காட்டியிருக்கிறார், வீட்டில் சொல்கிறேன் என்று போன தம்பி சொல்லவில்லை, அக்காவுக்குக் கல்யாணமாகிவிட்டது, தம்பி படித்துப் பெரிய ஆளாகிவிட்டான் என்று சொல்லி நிறுத்தினாள்.

செலஸ்டின்தான் கையைத் தூக்கினான். "மேடம், நீங்க அந்த அக்காகிட்ட பேசுனீங்களா?"

"இல்ல செலஸ்டின். அவங்களுக்கே இன்னைக்குக் காலையிலதான் தெரியும்."

பின்வரிசையில் சுதாராணி என்ற பெண், அந்தத் தம்பியைத்தான் பேட்டி எடுக்க வேண்டும் என்றாள். இன்னொருத்தி, அவனை விட முக்கியம் பொட்டலம் கட்டியவன், அவன்தான் இந்த ஆய்வுக்கே ஆதாரம் என்றாள். நல்ல மாணவர்கள். சொல்லிக்கொடுத்தவன் நன்றாகச் சொல்லிக்கொடுத்திருந்தான்.

வள்ளிமயில் தம்பியை நேராகப் பார்த்தாள்.

"கட்டுனவர எப்பிடிக் கண்டுபிடிக்கிறது சார்? பூசாரிக்குத் தெரியல. அந்தத் தம்பிக்குத் தெரியுமாம். கேட்டா சொல்லுவாரா?"

சுடலைக்குமார் தண்ணீர் பாட்டிலை எடுத்தான். மூடியைத் திறந்தான், குடிக்காமல் மூடி வைத்தான். இதைத் தனியாக விவாதிக்கலாம் மேடம் என்று மென்று விழுங்கினான். அன்றைக்கு வகுப்பு சீக்கிரமே முடிந்துவிட்டது. சாருக்குத் தலைவலி என்று பிள்ளைகள் பேசிக்கொண்டே இறங்கிப் போனார்கள்.

*

காலியான ஹாலில் அவன் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தான். அவள் நின்றுகொண்டேதான் இருந்தாள்.

தான் கட்டவில்லை என்றான் முதலில். பார்த்தது மட்டும்தான். மரத்தடியில் தண்ணீர்ச் செம்பை வைத்துக்கொண்டு நின்றானாம். கட்டியவர் இரண்டு இலையிலும் செவ்வரளியை வைத்ததைப் பார்த்துவிட்டு, என்ன இது என்று கேட்டிருக்கிறான்.

"அதுக்கு என்ன சொன்னாவ?"

"'ஒனக்குப் படிக்கணுமா வேண்டாமாலே'ன்னாவ."

"யாரு?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "அத்தான்."

அத்தான் என்று அவன் கூப்பிடுவதற்கு உலகத்தில் ஒரே ஓர் ஆள்தான் உண்டு. காலையில் பைக்கில் கொண்டுவந்து பஸ் ஏற்றிவிட்ட ஆள். பூக்கட்டுவது பற்றி அவள் எழுதிய ஒவ்வொரு வரியையும் அச்செடுத்து, உறையில் போட்டு, நல்லா வந்திருக்கு என்று சொல்லிக் கையில் கொடுத்தவன். ஒன்றரை மாதமாக அவன் முகத்தில் ஒரு சின்ன மாற்றம்கூட இல்லை. அதை நினைக்க நினைக்கத்தான் ஆத்திரம் அடங்காமல் வந்தது.

சுடலைக்குமார் அழ ஆரம்பித்திருந்தான். சின்னப் பையன்தானே அப்போது, பயமாக இருந்தது, சொன்னால் படிப்பு போய்விடும் என்று தோன்றியது, பிறகு சொல்ல வாய்க்கவே இல்லை என்று என்னென்னவோ சொன்னான்.

"அப்ப ஒனக்குப் பதினேழு வயசு. சரி, பயந்துட்ட. போன வாரம் ஒனக்கு என்ன வயசுலே?"

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கரும்பலகையைப் பார்த்தான்.

"சார்பு வந்திரும், நம்ம ஊரு வேண்டாம்னியே. நான் அத எழுதி வச்சுப் படிச்சேன்லே. என் தம்பி எவ்வளவு நேர்மையாச் சொல்லிக் குடுக்கான்னு எங்க ஸ்கூல்ல போய்ச் சொன்னேன்."

அவன் எழுந்து அவள் கையைப் பிடிக்க வந்தான். இந்தத் திட்டத்தை மட்டும் அனுப்பிவிடாதே, பெயரை மாற்றினாலும் நம் பக்கத்தில் யாருக்கும் தெரியாமல் இருக்காது, என் மாணவர்கள் முகத்தில் எப்படி விழிப்பேன் என்றான். அந்த நேரத்திலும் அவனுக்குத் தன் முகம்தான் கவலையாக இருந்தது. வள்ளிமயில் கையை உதறிக்கொண்டாள். மேஜையில் இருந்த அவள் திட்டத்தில் அவன் வழக்கம்போல ஓரத்தில் சிவப்பு மையால் கேள்விக்குறி போட்டிருந்தான். அதை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கினாள்.

*

பஸ் ஸ்டாண்டில் பூக்காரியிடம் கொஞ்சம் வெள்ளைப் பிச்சியும் கொஞ்சம் செவ்வரளியும் வாங்கினாள். வாழையிலையும் நாரும் அந்த அம்மாளே கொடுத்தாள்.

விளாத்திகுளத்தில் இறங்கியபோது பொழுது சாய்ந்திருந்தது. தங்கச்சாமி வழக்கமான இடத்தில் பைக்கோடு நின்றான். பையில் பூவைப் பார்த்துவிட்டு அவனுக்கு முகம் மலர்ந்தது. அவள் தானாகப் பூ வாங்கி வெகுநாள் ஆகிறது.

"செவ்வரளி எதுக்கு?"

தேவைப்படுகிறது என்றாள். வழக்கமாக அவன் தோளைப் பிடித்துக்கொண்டு உட்காருபவள், பின்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வழி நெடுக வத்தல் விலையைப் பற்றியும், விடுதியில் இருந்து மகள் பொன்மணி போன் செய்ததைப் பற்றியும் சொல்லிக்கொண்டு வந்தான். இந்த முதுகைப் பார்த்துக்கொண்டுதான் இத்தனை வருஷம் நிம்மதியாக உட்கார்ந்து போயிருக்கிறோம் என்று நினைத்தபோது, அவளுக்கு அன்றைக்கு முதல் தடவையாக அழுகை வந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

வீட்டில் அம்மா உள்ளறையில் டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். வள்ளிமயில் அடுக்களைக்குப் போய் முகத்தைக் கழுவினாள். இலையை இரண்டாகக் கிழித்தாள். ஒன்றில் பிச்சி, ஒன்றில் செவ்வரளி. ஒரே அளவில் மடித்து, ஒரே மாதிரி நார் சுற்றி, எது எதுவென்று தனக்கே தெரியாமல் போகும்வரை கண்ணை மூடிக்கொண்டு மாற்றி மாற்றி வைத்தாள். நேர்மையாகத்தான் கட்டினாள். இரண்டையும் கொண்டுபோய்ச் சாப்பாட்டு மேஜையில் தங்கச்சாமியின் முன்னால் வைத்தாள்.

சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றான்.

"நான் வேலைய விட்டுட்டுத் திருநெவேலிக்குப் படிக்கப் போறதா வேண்டாமான்னு பாக்கப் போறேன். வெள்ளை வந்தாப் போறேன். செவப்பு வந்தா இங்கனயே கெடக்கேன். ஒன்னு எடுங்க அத்தான்."

விளையாடுகிறாயா என்று சிரிக்கப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை. கையை நீட்டினான். ஒரு பொட்டலத்தின் மேலே போன விரல் அங்கேயே நின்றுவிட்டது. மற்றதைப் பார்த்தான். பிறகு இவளைப் பார்த்தான்.

"ரெண்டுலயும் என்ன வச்சிருக்க?"

"இந்தக் கேள்விய அன்னைக்கு நான் கேக்கல அத்தான்."

அவன் கையை இழுத்துக்கொண்டான். வள்ளிமயில் இரண்டு நாரையும் அவிழ்த்து இலைகளை விரித்து வைத்தாள். ஒன்றில் வெள்ளை, ஒன்றில் சிவப்பு. தங்கச்சாமி நாற்காலியில் உட்கார்ந்தான். பிச்சிப் பூவையே பார்த்துக்கொண்டிருந்தான். இல்லை என்று மறுப்பான், சத்தம் போடுவான், தம்பியைத் திட்டுவான் என்று எதிர்பார்த்திருந்தாள். அவன் அதில் ஒன்றையும் செய்யவில்லை.

"எனக்கு ஒன்னையக் கட்டணும்னு ஆசதான். இல்லங்கல. கேட்டா நீ சிரிச்சிட்டுப் படிக்கப் போயிருவன்னு தெரியும்." பிச்சியை விரலால் ஓரமாக ஒதுக்கினான். "கட்டுனது நாந்தான். ஆனா அந்த ரெண்டு செவ்வரளியையும் என் கையில கொண்டாந்து குடுத்து, இதையே ரெண்டுலயும் வைன்னு சொன்னது நான் இல்ல வள்ளி."

யார் என்று அவள் கேட்பதற்குள், உள்ளறையில் அவ்வளவு நேரமும் ஓடிக்கொண்டிருந்த டிவியின் சத்தம் நின்றது. வள்ளிமயில் திரும்பிப் பார்த்தாள். கதவு பாதி சாத்தியிருந்தது. யாரும் எழுந்து வரவில்லை. இருட்டுக்குள்ளிருந்து இசக்கியம்மாளின் குரல் மட்டும் வந்தது.

"ஏட்டி, காலையில எந்த ஊருக்குப் போன?"